நம்பர் யார் பேரில்

அங்கே நின்று போனை ஆட்டினால் சிக்னல் வராது. ஜன்னல் பக்கம் வாருங்கள், அந்தப் புங்கமரத்துக்கு நேராக. அங்கே இரண்டு கோடு வரும். வந்ததா? வராவிட்டால் விடுங்கள். ரிஜிஸ்டர் ஆபீசில் சர்வர் நின்று ஒரு மணி நேரம் ஆகிறது, இப்போதைக்கு டோக்கன் கூப்பிட மாட்டார்கள். உங்கள் பத்திரம் தயார். உட்காருங்கள்.

கம்பெனியை மாற்றப் போவதாகச் சொன்னீர்கள். மாற்றுங்கள். நம்பர் அதேதான் இருக்கும், கம்பெனி மட்டும் மாறும், ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும் என்கிறார்கள். எல்லாம் சரி. நம்பர் யார் பேரில் இருக்கிறது? உங்கள் பேரில்தானா? பார்த்தீர்களா, யோசிக்கிறீர்கள். எல்லோரும் அந்த இடத்தில் யோசிக்கிறார்கள். மச்சினன் வாங்கிக் கொடுத்த சிம், பழைய முதலாளி கொடுத்த சிம் என்று ஊரில் பாதிப் பேர் இன்னொருவர் பேரில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

என் தங்கை அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். ருக்கு. எனக்கு எட்டு வயது இளையவள். இப்போது என்னோடு பேசுவதில்லை. பதினாறு மாதம் ஆகிறது. நான் என்ன தப்பு செய்தேன் என்று நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் வெளியூர்க்காரர், எங்கள் இரண்டு பேரில் யாரும் உங்களுக்கு வேண்டியவர்கள் இல்லை.

முப்பத்தாறு வருடமாக இந்தத் திருச்செங்கோட்டில் பத்திரம் எழுத எனக்கு இந்த மேஜைதான். என் எழுத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. 'சென்னியப்பன் எழுதினதா, அப்போ படிக்க வேண்டியதில்லை' என்று சொன்ன சப்-ரிஜிஸ்ட்ரார்கள் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை. என் குணம் தெரிந்தால்தான் மீதி விளங்கும்.

ருக்குவின் வீட்டுக்காரர் தங்கமுத்து. ரிக் வண்டியில் டிரில்லர். எங்கள் ஊர் ரிக் வண்டிகள் எங்கெங்கோ போய் போர்வெல் போடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா என்று போனால் பத்து மாதம், பதினோரு மாதம். மழை பிடித்து வேலை நின்றால்தான் ஆட்கள் ஊருக்கு வருவார்கள். இவர் அதிலும் ஒரு தனி ரகம். ஆனியில் வருகிறேன் என்றால் ஆவணியில் வருவார். தீபாவளிக்கு என்றால் கார்த்திகை தீபத்துக்கு வந்து நிற்பார். ருக்கு அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. "அவரு லேட்டாத்தானுங்கண்ணா வருவாரு. ஆனா வந்துருவாரு" என்பாள். பிள்ளை குட்டி இல்லை. அவளும் அந்த வீடும்தான்.

ஒரு வருடம் வந்தபோது அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். பட்டன் போன்தான். அப்போது ஒரு கம்பெனி போனையும் சிம்மையும் சேர்த்தே விற்றது. விலை சல்லிசு. ஆனால் அந்தப் போனில் அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் வேலை செய்யும். அவருடைய ஆதாரைக் கொடுத்து, அவர் பேரில் வாங்கினார். யார் பேரில் வாங்கினால் என்ன என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

அவர் கையில் போன் தங்காது. சேற்றில் விழும், வண்டியில் அரைபடும். மாநிலத்துக்கு ஒரு சிம் மாற்றுவார். அதனால் ருக்குவால் அவரைக் கூப்பிட முடியாது. அவர்தான் கூப்பிட வேண்டும். யார் போனை வாங்கியாவது கூப்பிடுவார். அவளுடைய நம்பரை ரிக் வண்டிக் கதவின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வைத்திருந்ததாக அவரோடு வேலை செய்தவன் ஒருவன் சொன்னான். உலகத்திலேயே அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

கடைசியாக ஊருக்கு வந்தது ஏழரை வருடத்துக்கு முன்னால். பதினெட்டு நாள் இருந்தார். அந்தச் சமயத்தில்தான் வீட்டை ருக்கு பேருக்கு தான செட்டில்மெண்ட் எழுதினேன். ரிக் வேலை, இரும்புக் குழாயோடு வேலை, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பங்காளிகள் வந்து நிற்பார்கள். தங்கை நடுத்தெருவில் நிற்கக் கூடாது. அண்ணன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறேன்? அவரும் மறுப்பு சொல்லவில்லை. இதே இடத்தில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார்.

"மச்சான், எல்லாம் சரியா எழுதிப்போட்டீங்க. நான் வந்தா எங்க தங்கறதுன்னு இதுல ஒண்ணும் காணமுங்களே."

நான் சிரித்தேன். "அதையெல்லாமா மாப்ள எழுதுவாங்க?"

அவரும் சிரித்தார். கையெழுத்துப் போட்டார், விரல் வைத்தார், எதிர்க்கடையில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். அடுத்த வாரம் வண்டி ஏறிவிட்டார். அந்தப் பத்திரத்துக்கும் பிறகு நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

போனவர் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டாவது தடவை புரட்டாசியில். தீபாவளிக்கு வந்துவிடுகிறேன் என்றாராம். அதோடு சரி. தீபாவளி போனது, கார்த்திகை போனது, தை போனது. ரிக் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். சத்தீஸ்கரில் ஜகதல்பூர் பக்கம் ஏதோ ஒரு ஊரில் பையோடு இறங்கிவிட்டார், வேறு வண்டியில் சேர்ந்துகொள்கிறேன் என்று சொன்னார், சண்டை சச்சரவு எதுவும் இல்லை என்றார்.

தேடவில்லையா என்று கேட்கிறீர்கள். மூன்று மனு எழுதினேன். இந்தியில் எழுதத் தெரிந்தவரைப் பிடித்து அதையும் எழுதி, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. அட்டைகள் மூன்றும் இந்த டிராயரில் இருக்கின்றன. நேரில் போனேனா? மொழி தெரியாத ஊரில் போய் யாரைக் கேட்பது? மனு போட்டேன்.

ருக்கு மனுவை நம்பவில்லை. போனைத்தான் நம்பினாள். காட்டு வேலைக்குப் போனால் இடுப்பில் இருக்கும். குளிக்கப் போனால் ஒரு முக்காலியில் வைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் குளிப்பாள். டவர் இல்லாத இடத்துக்கு வர மாட்டாள். என் பேரனுக்குக் கொல்லிமலையில் மொட்டை அடித்தோம். அத்தை வந்தால்தான் ஆகும் என்று என் மகள் அழுதாள். ருக்கு அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டாள். "மேல டவர் இல்லீங்களாமா. நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கறேன்" என்றாள். மாலையில் நாங்கள் இறங்கி வரும்போது அதே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடம் இப்படி.

அப்போதுதான் அந்தக் கம்பெனி இந்தப் பக்கத்தை விட்டுப் போகிறது என்று மெசேஜ் வந்தது. இன்ன தேதி வெள்ளிக்கிழமைக்குள் வேறு கம்பெனிக்கு மாறினால் நம்பர் பிழைக்கும், இல்லாவிட்டால் நம்பர் போய்விடும். ருக்கு அந்த மெசேஜை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி என்னிடம் வந்தாள். 

"அண்ணா, இந்த நம்பரு போச்சுன்னா அவரு எங்கண்ணா கூப்புடுவாரு?"

"போகாது. நான் இருக்கிறேன்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் குருநாதன் செல் கடை. முதலில் அங்கே போனோம். அவன் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்த்தான். 'இந்த சிம் செல்லாது' என்று காட்டியது.

"இது தாலி கட்டுன போனுங்கண்ணா. கட்டுன கம்பெனியத் தவிர வேற சிம்மப் போட்டா மூஞ்சியத் திருப்பிக்கும். அந்தக் கம்பெனியே ஓடிப்போறான், இது இன்னமும் அவனையே நெனச்சுட்டு இருக்குது பாருங்க."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ருக்கு சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"நெனச்சுட்டு இருந்தா இருந்துட்டுப் போகட்டும் தம்பி. அது பாட்டுக்கு நெனைக்கட்டும், வேற சிம்மும் போடற மாதிரி பண்ணிக் குடுங்க."

குருநாதனுக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். அதற்குப் பிறகு அவன் தலையைத் தூக்கவில்லை. ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு என்று எதையோ அழுத்தினான். பதினைந்து இலக்கத்தில் ஒரு எண் வந்தது. அதை ஈரோட்டில் ஒருவனுக்கு அனுப்பினால் அவன் பூட்டைத் திறக்கிற கோடு நம்பரை அனுப்புவானாம். நாளைக்குத்தான் வரும், போனை வைத்துவிட்டுப் போங்கள் என்றான். "அது ஆகாதுங்க தம்பி" என்று போனைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வேறு போன் வாங்கித் தருகிறேன், பூட்டுத் திறக்கிற வேலையே வேண்டாம் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. இதில்தான் கூப்பிடுவார் என்றாள். அவர் போனைக் கூப்பிட மாட்டார், நம்பரைத்தான் கூப்பிடுவார் என்று எவ்வளவு சொல்லியும் அவளுக்கு அது இரண்டும் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். கோடு நம்பர் வந்தது. குருநாதன் அழுத்தினான். பூட்டுத் திறந்துவிட்டது. ஒரு நிமிட வேலை. பழைய சிம்மையே திரும்பப் போட்டு, "கூப்புட்டுப் பாருங்கண்ணா, அடிக்குதான்னு" என்றாள். கூப்பிட்டேன். அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, எனக்கு முன்னால் நின்றுகொண்டே, "அலோ" என்றாள். நானும் "அலோ" என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு நினைவு தெரிந்து நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்தது நம்பரை மாற்றுவது. குருநாதன் அவள் ஆதாரை வாங்கிப் பார்த்தான். "அண்ணா, நம்பரு தங்கமுத்துங்கற பேருல காட்டுது. அவரு வந்து விரல் வெச்சாத்தான் மாத்த முடியும். இல்லாட்டி மொதல்ல கம்பெனி ஆபீஸ்ல அக்கா பேருக்கு மாத்திட்டு வாங்க."

கம்பெனி ஆபீஸ் சங்ககிரி ரோட்டில். பாதி நாற்காலிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். கோகிலவாணி என்று சட்டையில் அட்டை. கூட்டமோ முப்பது பேர். எங்கள் முறை வந்ததும் கேட்டாள்.

"நம்பரு யாரு பேருலங்கம்மா இருக்குது?"

"எங்க ஊட்டுக்காரர் பேருல கண்ணு."

"அவரு லேட்டுங்களா?"

"ஆமாங் கண்ணு. எப்பவுமே லேட்டுத்தான். சொன்ன தேதிக்கு அவரு என்னைக்கு வந்தாரு."

அந்தப் பெண் 'ஆமாம்' வரைக்கும்தான் கேட்டாள். அதற்குள் பின்னால் நின்றவர் எதையோ கேட்க, அவருக்குப் பதில் சொன்னாள். நான் முழுதும் கேட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா. உங்கள் பத்திரத்திலேயே தாத்தா பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருக்கிறேன். எழுதினால் காலஞ்சென்ற, பேசினால் லேட். 'அப்பா இருக்காரா, லேட்டா?' என்று இந்த மேஜையில் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறேன். ருக்கு ஐந்தாவது வரை படித்தவள். அவளுக்குத் தெரிந்த லேட்டு பஸ்ஸுக்கும் தங்கமுத்துக்கும் சொல்கிற லேட்டு.

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்படீங்களா அங்கிள்?"

தலையை ஆட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லவில்லை.

ருக்குவை ஆதார் ஜெராக்ஸ் எடுத்துவர அனுப்பினேன். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "இறப்புச் சான்று இருந்தா நல்லதுங்க அங்கிள். இல்லாட்டி, அம்மாதான் வாரிசுன்னு ஒரு அபிடவிட், நோட்டரி கையெழுத்தோட கொண்டாந்துடுங்க. மூடற ஆபீஸுங்க. இனிமே மேல இருந்து யாரு கேக்கப் போறாங்க? வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்துருங்க. பேரு மாத்துன கையோட கம்பெனியும் இங்கயே மாத்திரலாம்."

வேறு வழி என்ன இருந்தது, நீங்கள் சொல்லுங்கள். காணாமல் போனவரை இறந்தவராக அறிவிக்க ஏழு வருடம் ஆக வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டும். எங்களுக்கு இருந்தது மூன்று நாள். அன்றைக்கு மத்தியானமே எழுதிவிட்டேன். 'காலஞ்சென்ற தங்கமுத்து என்பவரின் மனைவி ருக்குமணி ஆகிய நான் மனப்பூர்வமாக உறுதி கூறுவது யாதெனில்.' பதினோரு வரி. கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன்.

"என்னங்கண்ணா எழுதியிருக்குது?"

"நம்பரை உன் பேருக்கு மாத்தறதுக்கு."

"அவரு பேரு இருக்குதுங்களா இதுல?"

"இருக்குது."

"எங்க?"

காட்டினேன். தங்கமுத்து என்கிற எழுத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அதற்கு முன்னால் இருந்த வார்த்தையைப் படிக்கவில்லை. அவளால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடியும், அதற்கும் கண்ணாடி வேண்டும். "அப்பச் சரிங்கண்ணா" என்று கையெழுத்துப் போட்டாள்.

நோட்டரி கையெழுத்து வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. மூன்றரைக்குப் போனோம். நாலரைக்கு எங்கள் முறை வந்தது. கோகிலவாணி அபிடவிட்டைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் ஏற்றினாள். விரல் வைக்கிற சின்ன மெஷினை ருக்குவின் பக்கம் தள்ளினாள். அதன் அடியில் சிவப்பாக ஒரு வெளிச்சம். பக்கம் திறக்க நேரம் எடுத்தது. அந்த நேரத்தில் அந்தப் பெண் சும்மா இருந்திருக்கலாம். நல்ல பெண், அதுதான் வினை. ருக்குவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசு உட்றாதீங்கம்மா. எங்கப்பாவும் லேட்டுத்தானுங்க. நான் பத்தாவது படிக்கறப்ப இருந்து."

"பத்தாவதுல இருந்தா? அடக் கண்ணு." ருக்கு அவள் கையைத் தடவிக் கொடுத்தாள். "எப்ப வர்றேன்னு சொல்லியிருக்காரு?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"இல்லீங்கம்மா. இறந்துட்டாருங்க. ஆக்சிடென்ட்ல."

 பின்னால் வரிசையில் யாரோ சீக்கிரம் என்றார்கள்.

"இறந்தவங்களத்தான் அப்புடிச் சொல்றதுங்களா கண்ணு?"

"ஆமாங்கம்மா."

"அன்னைக்கு நீ எங்க ஊட்டுக்காரரக் கேட்டயே, அது?"

அந்தப் பெண் மேஜைமேல் இருந்த அபிடவிட்டைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"அந்தப் பேப்பரக் கொஞ்சம் படி கண்ணு."

"விடு ருக்கு" என்றேன். "அதெல்லாம் சும்மா ஆபீஸ் பாஷை. விரலை வை. இன்னும் அரை மணி நேரந்தான் இருக்குது."

"நீ படி கண்ணு."

படித்தாள். முதல் வரியைத்தான். என் எழுத்தை அவ்வளவு மெதுவாக யாரும் படித்து நான் கேட்டதில்லை. படித்துவிட்டு, "இதை எடுத்துட்டா நம்பர் மாத்த முடியாதுங்கம்மா. அஞ்சு மணியோட சிஸ்டம் மூடிரும்" என்று சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நான் எடுத்துச் சொன்னேன். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு பேப்பரில் எழுதினால் ஒரு மனுசன் செத்துவிட மாட்டான். நம்பர் இருந்தால்தானே அவர் கூப்பிட முடியும். அவருக்காகத்தானே இதெல்லாம்.

ருக்கு என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. அவள் என்றைக்கும் சத்தம் போட்டதில்லை.

"அண்ணா, மொதல்ல அவர ஊட்ட உட்டு எழுதுனீங்க. இப்ப உசுர உட்டு எழுதிப்போட்டீங்க."

"ருக்கு, விரலை வை."

"செத்தவரு எப்புடிங்கண்ணா கூப்புடுவாரு?"

அந்த மெஷின் அதுவரைக்கும் சிவப்பாக எரிந்துகொண்டுதான் இருந்தது. விரல் எதுவும் வராததால் ஒரு சத்தம் கொடுத்து அணைந்துபோனது. ருக்கு பேப்பரைக் கேட்டு வாங்கினாள். கிழிக்கவில்லை. நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம், "நீ நல்லாருக்கோணும் கண்ணு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றாகத்தான் நடந்தோம், அவள் நாலடி முன்னால். பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் நம்பருக்குப் போட்டேன். 'நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை' என்று ஒரு பெண் சொன்னாள்.

அதற்குப் பிறகு தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள், ஒரு வார்த்தை இல்லை. சேலை பையோடு நாற்காலியிலேயே இருந்தது. திரும்ப எடுத்து வந்துவிட்டேன். வேறு சிம் வாங்கித் தருகிறேன் என்று ஆள் விட்டுச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். என் மனைவி சொல்கிறாள், நீங்கள் ஒரு தடவை தப்பு என்று சொல்லிவிடுங்கள் என்று. எதைத் தப்பு என்று சொல்வது? தலையை ஆட்டியதையா?

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு மத்தியான நேரம், இங்கே ஆள் இல்லை. போனில் யாருடைய நம்பரையோ தேடிக்கொண்டிருந்தேன். கை தவறி ருக்கு பேரில் பட்டுவிட்டது. கை தவறித்தான். அதற்கு முன்னாலும் ஒன்றிரண்டு தடவை அப்படிப் பட்டிருக்கிறது. உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பெண் சொல்வாள், வைத்துவிடுவேன். அன்றைக்கு மணி அடித்தது.

எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல ஆகிவிட்டது. நின்றேன். எடுத்தது ஒரு ஆம்பிளை.

பட்டுக்கோட்டைக்காரர். டயர் கடை வைத்திருக்கிறாராம். அந்தக் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கி, காலியாகக் கிடந்த நம்பர்களைப் புதுசாக விற்றிருக்கிறார்கள். அப்போதே ஏழு மாதமாக அவரிடம் இருந்ததாம். தப்பாகப் போட்டுவிட்டேன், இது முன்னால் என் தங்கை நம்பர் என்று சொன்னேன்.

"அப்படியா சார். உங்க தங்கச்சி பேரு மணியா?"

இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டில் அவள் ருக்கு. ஊரிலும் ருக்கு. ருக்குமணியில் பின்பாதியைப் பிடித்து மணி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் தங்கமுத்துதான்.

"ஏன் கேட்கிறீர்கள்?"

"ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தர் போன் பண்ணாரு சார். வடக்கத்தி நம்பர். ஆனா பேச்சு தமிழ்தான், உங்க பக்கத்து இழுப்பு இருந்துச்சு. எடுத்த உடனே, 'மணி இல்லீங்களா'ன்னாரு. நான் யாருன்னு கேட்டேன். அவங்க ஊட்டுக்காரர்னாரு. இது என் நம்பருங்கன்னேன்.  அப்புறம், 'எத்தன நாளாங்க?'ன்னாரு. அஞ்சு மாசமான்னேன். 'சரிங்க. நல்லா இருங்க'ன்னு வெச்சிட்டாரு."

அந்த நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். போன் மாற்றிவிட்டாராம், பழைய லிஸ்ட் எல்லாம் போய்விட்டதாம். திரும்பக் கூப்பிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்றார். திரும்பக் கூப்பிட்டால் என் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நல்ல மனுசன். "நான் வேற மாதிரி சொல்லியிருக்கணுமோ சார்?" என்று கேட்டார். நீங்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் சொன்னபடி அவள் விரலை வைத்திருந்தால், அந்தப் போனை எடுத்திருப்பது யார்? மணிதானே. ருக்குதானே. நான் செய்தது சரி என்று இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நாலு மாதமாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ருக்குவுக்கா? இன்னும் சொல்லவில்லை.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால், கூப்பிட்டார் என்று சொல்ல வேண்டும். கூப்பிட்டார் என்று சொன்னால், ஒரு ஆம்பிளை எடுத்தான் என்று சொல்ல வேண்டும். எத்தனை நாளாக என்று அவர் எதை நினைத்துக்கொண்டு கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பத்திரத்தில் என்றால் வேண்டியதை எழுதி மற்றதை விட்டுவிடலாம். நேரில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி விட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. பஸ் ஏறி அவள் ஊருக்குப் போய்விடுகிறேன். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்தால் அவள் வாசலும் ஜன்னலும் தெரியும். போன வாரமும் போனேன். ஜன்னலோரம் அந்தப் பழைய போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். சிம் செத்த போன். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் நடுவில் ஒரு தடவை உரிப்பதை நிறுத்தி, அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.